ஃபிரெஞ்ச் பிரஸ் செக்கு இல்லைங்க: ஊறும் காப்பியும் திரியும் பாலும்

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் வளர்ந்தவனிடம் 'பிரஸ்' என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது எண்ணெய் ஆலைதான். கொப்பரையைப் போட்டு நசுக்கினால் எண்ணெய் வரும், இன்னும் நசுக்கினால் இன்னும் வரும். அதனால் எங்கள் வீட்டுக்கு ஒரு ஃபிரெஞ்ச் பிரஸ், அதாவது மூடியில் ஒரு கம்பியும் அதன் நுனியில் வலையும் வைத்த காப்பிக் குடுவை, வந்தபோது அதைக் கண்ணாடியில் செய்த குட்டிச் செக்கு என்றே நினைத்தேன். வீட்டிலிருந்த ஃபில்டர் காப்பிப் பொடியை நாலு கரண்டி போட்டேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி, உடனே மூடியைப் பொருத்தி, இரண்டு கையாலும் அமுக்கினேன். இறங்கவில்லை. எழுந்து நின்று அமுக்கினேன். குடுவையின் மூக்கு வழியாகப் பீய்ச்சிய காப்பி என் சட்டையையும் சுவர்க் காலண்டரில் அந்த மாதத்து முகூர்த்த நாட்களையும் நனைத்தது. மிச்சத்தை டம்ளரில் ஊற்றி அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஏங் கண்ணு, இது காப்பியா, கழனித்தண்ணியா?" என்றார்.

அந்த டம்ளரில் நடந்த தப்பு எனக்கு மட்டும் நடப்பதில்லை. 'ஃபிரெஞ்ச் பிரஸ்னா அமுக்கிச் சாறெடுக்கறது', 'ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும்', 'கடலைப்பால் ஊத்துனேன், திரிஞ்சு போச்சு, பால் கெட்டதுபோல' என்று பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்றுமே தப்பு. இதைப் புரிந்துகொள்ள நம் அடுக்களையில் ஏற்கெனவே புழங்கும் இரண்டு சொற்கள் போதும்: ஊறுதல், திரிதல்.

புளி எப்படி ஊறுகிறதோ

ரசத்துக்குப் புளி ஊறப்போடுகிறோம். பச்சைத் தண்ணீரில் போட்டால் அரை மணி நேரம், சுடுதண்ணீரில் போட்டால் பத்து நிமிஷம். உருண்டையாகப் போட்டால் மெதுவாக ஊறும், பிய்த்துப் போட்டால் சீக்கிரம் ஊறும். நல்ல புளிப்பு வந்த பிறகும் நாரையும் கொட்டையையும் விடாமல் பிசைந்துகொண்டே இருந்தால் ஒரு துவர்ப்பு வந்து சேரும்.

காப்பியிலும் இதேதான் நடக்கிறது. வறுத்த காப்பிக்கொட்டையின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் தண்ணீரில் கரையக்கூடியது. மீதி மரநார் மாதிரி, எத்தனை நேரம் போட்டாலும் கரையாது. அந்த 30-ம் ஒரே சுவையில்லை. முதலில் கரைவது புளிப்பும் பழவாசமும், அப்புறம் இனிப்பு, கடைசியில் கசப்பும் துவர்ப்பும். கொட்டையின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து வந்தால் குடிக்க நன்றாக இருக்கும் என்பது காப்பித் தொழிலில் பல காலமாக இருக்கும் கணக்கு. அதற்குக் கீழே நின்றால் புளித்த வெறும் தண்ணீர், மேலே போனால் கடுங்கசப்பு. இப்படிக் கொட்டையிலிருந்து சுவை தண்ணீருக்கு வருவதை இந்தக் கட்டுரையில் 'இறக்கம்' என்று சொல்கிறேன். "டிகாக்‌ஷன் இறங்கிடுச்சா?" என்று காலையில் கேட்கிறோமே, அந்த இறக்கம்தான்.

நம் பித்தளை ஃபில்டரில் தண்ணீர் பொடியின் ஊடாகச் சொட்டுச் சொட்டாக வடிகிறது. பொடிப் படுகையே தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதால்தான் இறக்கம் நடக்கிறது. ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் அப்படியில்லை. மொத்தப் பொடியும் மொத்தத் தண்ணீரும் ஒரே பாத்திரத்தில் நாலு நிமிஷம் சேர்ந்து கிடக்கின்றன, புளி மாதிரியே. கம்பியைப் பிடித்துக் கீழே தள்ளுகிறோமே, அதற்குள் வேலை எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் தள்ளல் பொடியை அடியில் ஒதுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். பிடி வைத்த வடிகட்டி என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பேர்தான் நம்மைக் குழப்புகிறது. இந்த மாதிரிக் கருவிக்கு 1852-ல் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இரண்டு ஃபிரெஞ்சுக்காரர்கள் காப்புரிமை வாங்கினார்கள். 1929-ல் காப்புரிமை வாங்கிய கலிமானி இத்தாலிக்காரர். இவர்களில் யார் 'ஊறல் குடுவை' என்று பேர் வைத்திருந்தாலும் என் காலண்டர் தப்பித்திருக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஃபில்டரில் காப்பி வடிகிறது, ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் ஊறுகிறது. அமுக்குவதால் சுவை கூடாது.

பொடி ரவை மாதிரி இருக்கணும்

ஊறலுக்கு நாலு நிமிஷம் இருக்கிறது. மாவு மாதிரி அரைத்த பொடி அந்த நேரத்தில் கசப்பு வரைக்கும் இறங்கிவிடும். அதோடு கம்பி வலையில் போய் அடைத்துக்கொள்ளும். என் கம்பி இறங்க மறுத்ததற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்தில் பலத்தைக் காட்டினால் காப்பி மேல்வழியாகத்தான் வரும், கைகூட வெந்துபோகும். சரியான பொடி கையில் எடுத்தால் சம்பா ரவை மாதிரி நெருநெருவென்று இருக்கும்.

இன்னொரு சங்கதி சிக்கரி. காப்பி-சிக்கரிக் கலவை என்று விற்கும் பொடியில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவு வரை சிக்கரி இருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கம் போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் கரையக்கூடிய பங்கு காப்பிக்கொட்டையைவிட மிக அதிகம். ஃபில்டரில் அது தண்ணீரை நிதானப்படுத்தும், டிகாக்‌ஷனுக்குக் கட்டியும் நிறமும் தரும். அந்த இடத்தில் அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊறலில் போட்டால் மட்டும் அடியில் சேறு, நாக்கில் வேர்க்கசப்பு.

ஆகவே சிக்கரி கலக்காத கொட்டையாக வாங்குங்கள். வெளிநாட்டுப் பேர் தேடி அலைய வேண்டாம். ஏற்காட்டுச் சேர்வராயன் மலையில் 1820-களிலேயே காப்பி வைத்துவிட்டார்கள். ஆனைமலை, நீலகிரிக் கொட்டைகளும் நம் ஊர்க் காப்பிக் கடைகளில் கிடைக்கும். கடையிலேயே 'ஃபிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு, ரவைப் பதம்' என்று சொன்னால் அரைத்துத் தருவார்கள். வீட்டு மிக்ஸியில் என்றால் ஒரே ஓட்டாக ஓட்டக் கூடாது, விட்டு விட்டு ஏழெட்டுச் சுற்று. அப்புறம் மாவுச் சல்லடையில் சலியுங்கள். கீழே விழும் தூசியை அடுத்த நாள் ஃபில்டருக்கு வைத்துக்கொண்டு, மேலே நிற்பதை இதில் போடலாம்.

'ஸ்ட்ராங்' என்று எதைச் சொல்கிறோம்?

இந்த ஒரு சொல்லில்தான் பாதிக் குழப்பம். கசந்தாலும் ஸ்ட்ராங் என்கிறோம், கெட்டியாக இருந்தாலும் ஸ்ட்ராங் என்கிறோம். இரண்டும் வேறு வேறு. கொட்டையிலிருந்து எவ்வளவு வெளியே வந்தது என்பது இறக்கம். வந்தது எவ்வளவு தண்ணீரில் பரவியிருக்கிறது என்பது 'அடர்த்தி'.

கணக்காகவே பார்த்துவிடலாம். 30 கிராம் பொடி, 20 சதவீத இறக்கம் என்றால் கரைந்தது 6 கிராம். அதை 500 மில்லித் தண்ணீரில் எடுத்தால் 100 மில்லிக்கு 1.2 கிராம். இதுதான் சாதாரணக் கறுப்புக் காப்பி. அதே பொடியைப் பாதித் தண்ணீரில் ஊறவைத்தால் இறக்கம் கொஞ்சம் குறைந்தாலும் அடர்த்தி ஏறக்குறைய இரட்டிப்பாகும். பால் சேர்க்க இதுதான் தோது. 'கெட்டியா வேணும்' என்று நினைத்துக்கொண்டு நாலு நிமிஷத்தைப் பதினைந்து ஆக்குபவர்கள் அடர்த்தியைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. கசப்பைத்தான் கூட்டுகிறார்கள்.

கெட்டி வேண்டும் என்றால் பொடியைக் கூட்டுங்கள் அல்லது தண்ணீரைக் குறையுங்கள். நேரத்தை நீட்ட வேண்டாம்.

சரி, போட்டுப் பார்க்கலாம்

தண்ணீர்தான் முதலில். கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் அப்படியே பிடித்துக்கொள்ளலாம். போர்த் தண்ணீரில், அதாவது நாம் சப்பைத் தண்ணி என்று சொல்கிறோமே அதில், கரைந்திருக்கும் உப்புகள் காப்பியின் இயல்பான புளிப்பை அமுக்கிவிடும். குடித்தால் சப்பென்றுதான் இருக்கும்.

சூடு 90 முதல் 96 டிகிரிக்குள் இருக்கட்டும். தெர்மாமீட்டர் தேவையில்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 98 டிகிரி வாக்கில் கொதிக்கும். அடுப்பை அணைத்து அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் விட்டால் சரியாகிவிடும். ஏற்காடு 1,500 மீட்டர். அங்கே கொதிக்கிற தண்ணீரே 95 வாக்கில்தான் இருக்கும், இறக்கிய கையோடு ஊற்றலாம்.

முதலில் குடுவையைச் சுடுதண்ணீரில் அலசிக் கொட்டுங்கள். ஜில்லென்ற கண்ணாடியில் கொதிதண்ணீர் பட்டால் விரிசல் விடும், காப்பியும் சீக்கிரம் ஆறிப்போகும். 30 கிராம் பொடி என்பது உத்தேசமாக ஐந்தாறு மேசைக்கரண்டி. தராசு இருந்தால் நிறுத்துப் போடுங்கள், கரண்டியை நம்ப முடியாது. 500 மில்லித் தண்ணீரை எல்லாப் பொடியும் நனைகிற மாதிரி ஊற்றினால் மேலே அடை மாதிரி ஒரு படலம் எழும்பி மிதக்கும். வறுத்தபோது கொட்டைக்குள் தங்கிய வாயு வெளியேறும் அடையாளம் அது, புதுக் கொட்டையில் அதிகமாக இருக்கும். ஒரு நிமிஷம் கழித்து மரக்கரண்டியால் ஒரு கிண்டு. மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு நாலு நிமிஷம் ஆகும் வரை பழமை பேசிக்கொண்டிருங்கள். அப்புறம் கம்பியை மெதுவாகத் தள்ளுங்கள். உள்ளங்கையின் எடை போதும். தடுத்தால் பொடி பொடிசாக இருக்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் மேலே தூக்கி மறுபடியும் தள்ளுங்கள். இறங்கியதும் எல்லாவற்றையும் ஊற்றிவிட வேண்டும். பொடி மேலேயே விட்டு வைத்தால் ஊறல் தொடர்ந்துகொண்டேதான் இருக்கும். டம்ளரின் கடைசி மடக்கில் வண்டல் இருக்கும். அதைக் குடிக்காதீர்கள்.

கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்பியின் எண்ணெயைக் காகித வடிகட்டி பிடித்துக்கொள்ளும், இந்தக் கம்பி வலை விட்டுவிடும். வாய்க்கு வழவழப்பாக இருப்பது அதனால்தான். அந்த எண்ணெயில் உள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் தினமும் நிறையக் குடித்தால் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். எங்கள் அப்பா இதைக் கேட்டதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டார்.

பால் இல்லாத பால்

நுரைத்த பால் நிறையச் சேர்த்த காப்பியை 'லாட்டே' என்கிறார்கள். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே பால்தான். ஆகவே பால் சேராத லாட்டே என்பதே கொஞ்சம் வேடிக்கையான பேர். கடைகளில் லாட்டேவுக்கு எஸ்பிரஸ்ஸோ எடுப்பார்கள், 9 மடங்கு காற்றழுத்தத்தில் சுடுதண்ணீரைப் பொடி வழியாகச் செலுத்தி. உண்மையில் 'பிரஸ்' என்ற பேருக்குத் தகுதியானது அந்த இயந்திரம்தான். வீட்டில் நமக்கு அடர்த்தியான ஊறல் காப்பியே போதும். 30 கிராம் பொடிக்கு 240 மில்லித் தண்ணீர், ஐந்து நிமிஷம். பொடி தன் எடையைப்போல் இரண்டு பங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் 180 மில்லிதான் கைக்கு வரும். இரண்டு பேருக்குச் சரி.

மாட்டுப்பாலைத் தவிர்ப்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம். சிலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்பும். சிலருக்குப் பால் புரதமே ஒவ்வாது. இரண்டாவது ஆள் 'லாக்டோஸ் நீக்கியது' என்ற பாலைக் குடிக்கக் கூடாது, அதுவும் மாட்டுப்பால்தான். 'நான்-டெய்ரி' என்று போட்ட காப்பி வெள்ளைப்பொடி சிலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும், அதுவும் பால் புரதம்தான்.

பங்காளிகள் ஏன் ஒன்று சேர்கிறார்கள்?

இப்போது திரிதல். எந்தப் பாலிலும், அது மாடோ சோயாவோ கடலையோ, புரதம் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக மிதக்கிறது. எல்லாத் துணுக்குக்கும் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். கல்யாண மண்டபத்தில் பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அதுமாதிரி. அவர்கள் அப்படி விலகி இருக்கும் வரை பால் பாலாக இருக்கும். அமிலம் உள்ளே வந்தால் அந்த மின்னேற்றத்தைத் தீர்த்துவிடும். வீம்பு போனதும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், கட்டி விழும். சூடு இந்தச் சமரசத்தை வேகப்படுத்தும். எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுப்பது இதேதான். கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிவதற்கும் வெல்லத்தில் உள்ள லேசான புளிப்புதான் காரணம்.

காப்பியும் லேசான அமிலம். அமிலத்தை அளக்கும் பி.எச். என்ற அளவுகோலில் 7 நடுநிலை, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். காப்பி சுமார் 5. மாட்டுப்பாலின் முக்கியப் புரதமான கேசின் 4.6-க்குப் பக்கத்தில் போனால்தான் கட்டியாகும், அதனால் காப்பியைத் தாங்கிக்கொள்கிறது. சோயாப் புரதம் அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். கெட்டுப்போகவில்லை, தயிர் மாதிரி ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். காப்பி சேர்ப்பதற்கு முன்பே புளித்த வாசம் அடித்தால் அதுதான் கெட்ட பால்.

தடுக்கும் வழி இதிலிருந்தே கிடைக்கிறது. காப்பி கொதிநிலையில் இருக்கக் கூடாது, ஊற்றிய பின் ஒரு நிமிஷம் ஆறட்டும். பால் ஃபிரிட்ஜில் இருந்து நேராக வரக் கூடாது, வெதுவெதுப்பாக இருக்கட்டும். காப்பியில் பாலை ஊற்றாமல் பாலில் காப்பியைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். கொஞ்சம் கறுக்க வறுத்த கொட்டையில் புளிப்பு குறைவு. இவ்வளவுக்கும் மசியாவிட்டால் பாலில் ஒரு சிட்டிகையில் பாதி ஆப்பசோடா. கடைகளில் 'பாரிஸ்டா' என்று போட்டு விற்கும் பாக்கெட்டிலும் புளிப்பைத் தாங்க இதைப்போல ஓர் உப்பைத்தான் சேர்க்கிறார்கள்.

நினைவில் வைக்க: சூடும் புளிப்பும் ஒரே நேரத்தில் தாக்கினால் திரியும். ஒன்றையாவது குறைத்தால் தப்பிக்கும்.

எந்தப் பால்?

தேங்காய்ப்பாலைப் பற்றிச் சந்தகை (எங்கள் ஊர் இடியாப்பம்) பிழிந்தவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கொதிக்க விட்டால் திரியும், விளிம்பில் ஆவி வரும்போதே இறக்க வேண்டும். லாட்டேவுக்கு முதல் பால் ஒரு பங்கும் இரண்டாம் பால் இரண்டு பங்கும் கலந்தால் எண்ணெய் மேலே மிதக்காது. புரதம் குறைவு என்பதால் நுரை நிற்காது. ஆனால் நல்ல பொள்ளாச்சிக் காயின் பாலும், கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஒரு கரண்டியும் சேர்ந்தால் நுரையை யார் கேட்கிறார்கள்?

ஓட்ஸ் பால் வீட்டில் கொஞ்சம் ஏமாற்றும். சுடவைத்தால் மாவுச்சத்து வெந்து ராகிக் கஞ்சி மாதிரி இழுபடும். தொழிற்சாலையில் ஒரு நொதியைச் சேர்த்து அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடுகிறார்கள். சர்க்கரை போடாமலே பாக்கெட் ஓட்ஸ் பால் இனிப்பது அதனால்தான். வீட்டில் செய்தால் குளிர்காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு கடலைக்காய்க்கு, அதாவது நிலக்கடலைக்கு. கொழுப்பும் உண்டு, எடையில் கால்வாசி புரதமும் உண்டு, அதனால் நுரையும் வரும். 100 கிராம் பருப்பில் சுருங்கியதையும் பூஞ்சை பிடித்ததையும் பொறுக்கித் தள்ளிவிட்டு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் கையால் கசக்கினால் தோல் கழன்று தண்ணீரில் மிதக்கும். 500 மில்லித் தண்ணீர் விட்டு மிக்ஸியில் நைசாக அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழிய வேண்டும். இங்கே தாராளமாக அமுக்கலாம். அப்புறம் சிறுதீயில் பத்து நிமிஷம், அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே. முதலில் பச்சைக்கடலை வாசம் மூக்கில் ஏறும், ஏழெட்டு நிமிஷத்தில் அது மாறி வறுகடலை வாசம் வரும். அதுதான் பதம். ஒரு கல் உப்பு போட்டு இறக்குங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். கடலை ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

நுரைக்கும் அதே குடுவை

நுரை என்பது காற்றுக் குமிழியைச் சுற்றிப் புரதம் போர்த்தியிருப்பது. டம்ளருக்கும் டபராவுக்கும் இடையில் ஒரு முழ உயரத்தில் ஆற்றும்போது நாம் செய்வதும் அதுதான். காப்பியை ஊற்றிக் கழுவிய ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில், 60 டிகிரி வாக்கில், அதாவது விரல் வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூட்டில், பாலை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். கம்பியை இருபது முப்பது தடவை மேலும் கீழும் வேகமாக இழுங்கள். வலை வழியாகக் காற்று புகுந்து பால் இரண்டு பங்காக எழும்பும். குடுவையைத் தரையில் மெல்லத் தட்டினால் பெரிய குமிழி உடைந்து வெண்ணெய் மாதிரி நுரை நிற்கும். டம்ளரில் முதலில் 150 மில்லிப் பால், அதன் மேல் 90 மில்லிக் காப்பி, கடைசியில் கரண்டியால் நுரை.

கழுவும்போது வலையைத் திருகிக் கழற்றுங்கள். தகடுகளுக்கு இடையில் தங்கும் காப்பி எண்ணெய் நாலு நாளில் சிக்கு வாசம் அடிக்கும், அப்புறம் எவ்வளவு நல்ல கொட்டை போட்டாலும் அதே வாசம்தான். ஊறின பொடியைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும், பொடக்காளியில் (வீட்டுக் கொல்லையில்) கறிவேப்பிலைக்குத் தூவிவிடலாம். கடலைச் சக்கையை அமுச்சி தூக்கிப்போட விடுவதில்லை. வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அடைமாவில் போட்டுவிடுகிறார். கடலைப்பால் காப்பி எப்படி என்று கேட்டால், அடை நன்றாக இருக்கிறது என்கிறார்.